அந்த பாக்டீரியா உங்கள் கடையில் இல்லை: மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பெருமாள் கோயிலிலும், மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கத்திலும், ஒரகடம் சாலையிலும் மருந்துக்கடை நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், கவுன்ட்டரில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் கடை வாசலில் எப்போதும் நாலு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு கடையில் மட்டும் சொன்னால் அவரைக் குறிவைத்துப் பேசியதாகிவிடும். விஷயமோ உங்கள் எல்லோரையும் பற்றியது. அதனால் எழுதுகிறேன். நான் இதே வட்டாரத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் மைக்ரோ லேபில் வேலை செய்பவன். பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்து எண்ணுவது என் பிழைப்பு. உங்கள் அலமாரியில் இருக்கும் சில சரக்குகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சமீபத்தில் உங்களில் ஒருவர் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் கைப்பேசியைக் காட்டி மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய், கீமோ நடக்கிறது. புற்றுநோய்க் கட்டியைத் தேடிப்போய் அழிக்கும் நல்ல பாக்டீரியாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அவர் காட்டினார். கவுன்ட்டரில் இருந்த தம்பி படித்துப் பார்த்துவிட்டு, புரோபயாட்டிக் கேப்சூல் அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். "இதுவும் நல்ல பாக்டீரியாதான் சார், டெய்லி ரெண்டு போடச் சொல்லுங்க." அவர் மூன்று அட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அந்தத் தம்பி ஏமாற்ற நினைக்கவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தார். அதனால்தான் எனக்கு இது பெரிய கவலை. தெரிந்தே செய்யும் ஒருவரைத் திருத்துவது என் வேலை இல்லை. தெரியாமல் நல்ல மனதோடு தவறான பொருளை எடுத்துக் கொடுக்கும் நூறு பேரிடம் பேச வேண்டியது என் கடமை.

முதலில் அந்தச் செய்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது முழுப் பொய் இல்லை. முதல் உலகப் போரின்போது படைவீரர்கள் வயிற்றுக்கடுப்பில் விழுந்துகொண்டிருந்த இடத்தில், ஒரே ஒரு வீரருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்து மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே 1917-ல் அவருடைய மலத்திலிருந்து ஒரு இ.கோலை வகையைப் பிரித்தெடுத்தார். 'இ.கோலை நிஸ்லே 1917' என்ற பெயரில் அது இன்றும் ஜெர்மனியில் கேப்சூலாக விற்கிறது. நூறு வருடங்களுக்கு மேல் மனிதர்கள் சாப்பிட்டுப் பார்த்த பாக்டீரியா என்பதால், அதன் மரபணுவில் புதிய வேலைகளை எழுதிச் சேர்க்க விஞ்ஞானிகள் இதையே பெரிதும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில், தேசியப் பல்கலைக்கழகத்தின் மேத்யூ சாங் குழு 2018-ல் செய்ததைப் பாருங்கள். பெருங்குடல் புற்றுச் செல்லின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும்படி நிஸ்லேயை மாற்றினார்கள். ஒட்டிய இடத்தில் அது ஒரு நொதியைச் சுரக்கும். முட்டைக்கோஸ், புரோக்கோலி குடும்பத்துக் காய்களில் குளுக்கோசினோலேட் என்று ஒரு பொருள் இருக்கிறது. அந்த நொதி அதைப் புற்றுச் செல்லைக் கொல்லும் சல்ஃபோராஃபேனாக மாற்றுகிறது. அதாவது மருந்துக்கான மூலப்பொருள் சாப்பாட்டிலிருந்து வரும். அதை மருந்தாக ஆக்கும் வேலை கட்டியின் மேலேயே நடக்கும். எலிகளுக்கு இந்தப் பாக்டீரியாவையும் புரோக்கோலியையும் சேர்த்துக் கொடுத்தபோது கட்டிகளின் எண்ணிக்கை 75 சதவீதம் குறைந்தது. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது.

அடுத்து, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டால் டனினோ குழுவும் ஆஸ்திரேலிய மருத்துவர்களும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட ஆய்வு. வாய்வழியாகக் கொடுத்த நிஸ்லே, குடலில் நல்ல திசுவை விட்டுவிட்டுக் கட்டி இருக்கும் இடத்தில் போய்க் குடியேறுகிறது என்று காட்டினார்கள். கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவு; உடம்பின் காவல் செல்களும் அங்கே சரியாக வேலை செய்வதில்லை. பாக்டீரியாவுக்கு அது பாதுகாப்பான இடம். அங்கே போய் அது ஒரு பொருளைச் சுரந்தால், சிறுநீரைச் சோதித்தே கட்டி இருப்பதைக் கண்டுபிடிக்கலாம். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தைச் சுரந்தால் கட்டியைக் குறைக்கலாம். இரண்டையும் எலிகளில் செய்து காட்டினார்கள்.

எலிகளில் என்பதை இரண்டு முறை சொல்லிவிட்டேன். மனிதர்களுக்கு அந்த 2024 ஆய்வில் கொடுத்தது மரபணு மாற்றாத பழைய நிஸ்லேயைத்தான். அது கட்டியில் போய்ச் சேர்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கு மரபணு மாற்றிய பாக்டீரியாவை மருந்தாக உலகில் எந்த நாடும் இன்னும் அனுமதிக்கவில்லை. ஒரு பிறவி நோய்க்காக நிஸ்லேயை மாற்றி, கடைசிக் கட்ட மனிதச் சோதனை வரை கொண்டுபோன அமெரிக்க நிறுவனம் சின்லாஜிக். எதிர்பார்த்த பலன் கிடைக்கும் வாய்ப்பு இல்லை என்று தெரிந்து, 2024 பிப்ரவரியில் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டது.

நிஸ்லேயிடமே இன்னொரு சிக்கலும் உண்டு. சில இ.கோலை வகைகள் கோலிபாக்டின் என்ற நஞ்சைச் செய்கின்றன. அது குடல் செல்லின் டி.என்.ஏ.வைப் பழுதாக்கும். 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேருடைய பெருங்குடல் புற்றுக்கட்டிகளின் மரபணுவைப் படித்து 2025-ல் ஓர் ஆய்வு வந்தது. கோலிபாக்டின் விட்டுச்சென்ற தடயம், 70 வயதைத் தாண்டி நோய் வந்தவர்களைவிட 40 வயதுக்குள் நோய் வந்தவர்களிடம் 3.3 மடங்கு அதிகமாக இருந்தது. அந்த நஞ்சைச் செய்யும் மரபணுத் தொகுதி நிஸ்லேயிடமும் இருக்கிறது. அதை நீக்கிவிட்டுப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். இப்போது சொல்லுங்கள், 'நல்ல பாக்டீரியா' என்று ஒரே பெயர் வைத்து எல்லாவற்றையும் ஒரே அட்டையில் அடைத்துவிட முடியுமா?

உங்கள் அலமாரிக்கு வருவோம். அங்கே இருப்பவை லாக்டோபேசில்லஸ் வகைகள், சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் வரும் பேசில்லஸ் கிளாசி, ஈஸ்ட் வகையான சாக்கரோமைசஸ் பவுலார்டி. ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்குக்கு இவற்றில் சிலவற்றை மருத்துவர்கள் எழுதுகிறார்கள்; நியாயமான காரணம் உண்டு. ஆனால் இவற்றில் ஒன்றுக்கும் கட்டியைத் தேடத் தெரியாது. மருந்து சுரக்கவும் தெரியாது. இதில் வெயில் வேறு. குளிர்ச்சியில் வைக்கச் சொல்லி அட்டையில் அச்சடித்த லாக்டோபேசில்லஸை, கத்திரி வெயிலில் ஷீட் போட்ட கடையின் மேல்தட்டில் வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் தட்டில் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் புள்ளிகளாகக் காலனி நெருக்கியடித்து வளர வேண்டிய தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். வாங்குகிறவர் கொடுத்த காசுக்குச் செத்த பொடியை விழுங்குகிறார்.

செத்ததால் காசுதான் நஷ்டம். உயிரோடு இருப்பதுதான், கீமோ எடுப்பவர் விஷயத்தில், எனக்குப் பயம். கீமோவில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறையும் நாட்கள் உண்டு. குடல் சுவரும் புண்ணாகியிருக்கும். அந்த நாட்களில் உயிருள்ள பாக்டீரியாவோ ஈஸ்டோ ரத்தத்துக்குள் நுழைந்துவிடலாம். சாக்கரோமைசஸ் பவுலார்டியால் ரத்தத்தில் பூஞ்சைத் தொற்று வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. கழுத்து ரத்தக் குழாயில் டியூப் போட்டிருப்பவர் அருகில் அந்தக் கேப்சூலைத் திறப்பதே ஆபத்து. புற்றுநோய் மருத்துவர் எழுதித் தராமல் அந்த நோயாளிக்கு ஒரு புரோபயாட்டிக் அட்டைகூடக் கொடுக்காதீர்கள். இந்த மடலில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

ஆரோக்கியமான ஆளுக்குக் கொடுத்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஆரோக்கியமான ஆட்களுக்கு ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன்பின் புரோபயாட்டிக் எடுத்தவர்களின் சொந்தக் குடல் கிருமிகள் திரும்பி வர, ஒன்றும் எடுக்காதவர்களைவிட அதிகக் காலம் பிடித்தது. இது 2018-ல் வந்த முடிவு. குடலைச் சீராக்க முதல் வழி, அதைத் தேவையில்லாமல் கலைக்காமல் இருப்பது.

அங்கேதான் உங்கள் கை இருக்கிறது. ராத்திரி ஒரகடம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் பையன், "அண்ணா, லூஸ் மோஷன், ஒரு வேளைக்குக் கொடுங்க" என்கிறான். ஆஃப்லாக்சசின்–ஆர்னிடசோல் அட்டையில் ரெண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கிறீர்கள். அவனுக்குத் தேவை பெரும்பாலும் ஓ.ஆர்.எஸ். மட்டும்தான். சளி என்று வந்தால் செஃபிக்ஸிம். செஃபிக்ஸிம் ஷெட்யூல் எச்1-ல் இருக்கிறது என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. 2014 முதல், யாருக்கு, யார் எழுதி, எவ்வளவு கொடுத்தோம் என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டு எத்தனை கடைகளில் நிரம்புகிறது என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஆன்டிபயாட்டிக்கை அரைகுறையாகக் கொடுத்துக் குடலைக் கலைத்துவிட்டு, மறுநாள் அதைச் சீராக்க என்று புரோபயாட்டிக்கும் விற்பது எனக்கு மனசு கேட்காத வியாபாரம்.

"வெளிநாட்டுல வந்துடுச்சு, நமக்கும் சீக்கிரம் வந்துடும்" என்று வாடிக்கையாளர் சொன்னால், நம் மாவட்டத்தின் கதையையே அவருக்குச் சொல்லுங்கள். உயிருள்ள பாக்டீரியாவை மருந்தாகக் கொடுத்துப் பார்த்த உலகின் மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் நடந்தது. 1968 முதல் 1971 வரை, திருவள்ளூரைச் சுற்றியிருந்த ஊர்களில் 2.8 லட்சம் பேருக்கு மேல் பி.சி.ஜி.யோ வெறும் ஊசியோ போட்டார்கள். பி.சி.ஜி. என்பது வீரியம் குறைத்த உயிருள்ள பாக்டீரியா. இங்கிலாந்தில் அது காசநோயை நன்றாகத் தடுத்திருந்தது. இங்கே 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவே இல்லை. நம் மண்ணிலும் தண்ணீரிலும் ஏற்கெனவே இருக்கும் அதே இனத்துக் கிருமிகள் காரணமாக இருக்கலாம் என்று பிறகு பேசினார்கள். குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்கு அது காவல் என்பதால் இன்றும் பிறந்ததும் போடுகிறோம். அதே பி.சி.ஜி. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாகவும் ஆனது. 1976-ல் கனடாவின் மொராலிஸ் அதைக் காட்டினார். 1990-ல் அமெரிக்கா அனுமதித்தது. இன்று டியூப் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒரு முறை செலுத்துகிறார்கள்.

ஆக, உயிருள்ள பாக்டீரியா புற்றுநோய்க்கு மருந்தாக முடியும், ஆகியும் இருக்கிறது. ஆனால் ஓர் ஊரில் வேலை செய்தது இன்னோர் ஊரில் செய்யாமல் போகலாம் என்பதை நம் மாவட்டத்து மக்கள்தான் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டு உலகுக்குக் காட்டினார்கள். பழைய சோறும் மோரும் குடித்து, ஏரித் தண்ணீரில் வளர்ந்த நம் குடலும் ஆஸ்திரேலியாக்காரரின் குடலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. நாளைக்கு மரபணு மாற்றிய பாக்டீரியா இந்தியாவுக்கு வரும்போது, மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் அதை அலசிப் பார்க்க வேண்டும். இங்கேயும் சோதனை நடக்க வேண்டும். நான் அதற்கு ஆதரவாகவே நிற்பேன். அதுவரை அதன் பெயரைச் சொல்லி எதையும் விற்காதீர்கள்.

இனி நான் உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயம்.

என் சித்தப்பாவுக்கு மலத்தில் ரத்தம் போனது. அவர் மருந்துக்கடைக்குத்தான் போனார். "மூலம்தான், சூட்டு உடம்பு, இதைத் தடவுங்க" என்று ஆயின்மென்ட் கொடுத்தார்கள். மலம் இளகுவதற்குப் பொடி கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அதே கடையில் அதே டியூபை வாங்கினார். நடுவில் சுவரொட்டியைப் பார்த்து ஆபரேஷன் இல்லாமல் மூலத்தைக் குணமாக்குவதாகச் சொன்ன ஒரு கிளினிக்குக்கும் போய் வந்தார். அவர் இளைத்துக்கொண்டே வந்ததை எல்லோரும் பார்த்தோம். கடைசியில் கொலனோஸ்கோப்பி செய்தபோது மலக்குடலில் கட்டி, கல்லீரலுக்குப் பரவியிருந்தது. அந்தக் கடைக்காரர் இன்றும் என்னைப் பார்த்தால் சித்தப்பாவை நினைத்து வருத்தப்படுவார். நல்ல மனிதர். சித்தப்பா இப்போது இல்லை.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உள்சுவரில் ஒரு சிறு சதை முளையாகத் தொடங்கும். அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் ஆகும். அதற்குள் பார்த்தால் கொலனோஸ்கோப்பி செய்யும்போதே வெட்டி எடுத்துவிடலாம். அமெரிக்கக் கணக்குப்படி, குடலோடு நிற்கும்போது கண்டுபிடித்தால் 10-ல் 9 பேர் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள். தொலைவில் உள்ள உறுப்புக்குப் பரவிய பிறகு 15 சதவீதத்தினர் அளவுக்குத்தான். பெருங்குடல் புற்றுநோயில் இதற்கு இணையான பலனை எந்தப் பாக்டீரியாவும் இன்னும் மனிதர்களிடம் காட்டவில்லை. வயசானவர்களின் நோய் என்றும் ஒதுக்க முடியாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு வந்த 800 நோயாளிகளைப் பற்றி 2017-ல் வெளியான கணக்கில் சராசரி வயது 47.

ரத்தம் கண்ணுக்குத் தெரியாமலும் போகும். குடலின் வலது பக்கம் கட்டி இருந்தால் துளித்துளியாகக் கசிந்து மலத்தோடு கலந்துவிடும். ஆளுக்குச் சோர்வும் மூச்சிரைப்பும்தான் தெரியும். அவர் உங்களிடம் வந்து "ரத்தம் கம்மியா இருக்குன்னாங்க, நல்ல டானிக்கா கொடுங்க" என்பார். 55 வயது ஆணுக்கு ஏன் ரத்தம் குறைய வேண்டும்? மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஏன் குறைய வேண்டும்? இரும்புச் சத்து டானிக்கை எடுத்துக் கொடுக்கும் முன் அந்த ஒரு கேள்வி உங்கள் மனதில் வர வேண்டும்.

ஏன் உங்களைப் பிடித்துக்கொண்டேன் என்றால், இந்த நோய்க்கு வேறு வாசல் இல்லை. நாட்டின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றும்தான் உள்ளன; குடல் இல்லை. மலத்தில் ரத்தம் போகிறது என்று வீட்டில் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். பெண்கள் கணவரிடம்கூடச் சொல்வதில்லை. ஆனால் உங்களிடம் வந்து, கூட்டம் குறையும் வரை தள்ளி நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். எந்த மருத்துவரும் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் அவர்களைப் பார்க்கிறீர்கள்.

அதனால் என் வேண்டுகோள் இது. மூல ஆயின்மென்ட்டை முதல் முறை கேட்டால் கொடுங்கள், "எத்தனை நாளா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அதே ஆள் இரண்டாம் முறை வந்தால், டியூபோடு ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுங்கள்: "ஜி.ஹெச்.ல ஒரு தடவை காட்டிடுங்க." நாற்பதைத் தாண்டியவர், இளைத்துப்போனவர், மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறியவர், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தவர் என்றால் முதல் முறையே சொல்லிவிடுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு ரயிலில் சில நிறுத்தம்தான். நோய் உறுதியானால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அடையாறில் 1954 முதல் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பயந்தால் 104-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். ஆசனவாயில் விரல் விட்டுச் சோதிப்பதற்கு மருத்துவருக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். சித்தப்பாவுக்கு அந்த ஒரு நிமிடத்தை ஒரு வருடமாக யாரும் கொடுக்கவில்லை.

"நான் சொன்னா பக்கத்துக் கடையில போய் வாங்கிப்பாங்க" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். வாடகை, ஆன்லைனில் தள்ளுபடி விலைக்கு விற்கிறவர்களின் போட்டி, சரக்குக்குக் கட்ட வேண்டிய பணம், எல்லாம் தெரியும். அதனால்தான் இதை ஒரு கடைக்கு எழுதாமல் எல்லோருக்கும் எழுதினேன். உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு முறை இதைப் பேசுங்கள். பக்கத்துக் கடையும் அதே வார்த்தையைச் சொன்னால் உங்களுக்கு நஷ்டமில்லை. வாடிக்கையாளர் உயிரோடு இருந்தால் இருபது வருடம் உங்கள் கடைக்கு வருவார் என்பதும் வியாபாரக் கணக்குதான்.

ஒட்டுவதற்கு ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். "மலத்தில் ரத்தமா? ரெண்டாவது டியூப் வாங்கும் முன் டாக்டரிடம் காட்டுங்கள். கீமோ எடுக்கிறீர்களா? புரோபயாட்டிக் வாங்கும் முன் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்." அவ்வளவுதான் அதில் இருக்கிறது. தமிழிலும், ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்யும் வடநாட்டுப் பிள்ளைகளுக்காக இந்தியிலும் அச்சடித்து, வரும் ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக நானே கொண்டுவருகிறேன். பில் போடும் இடத்துக்கு மேலே, வாங்குகிறவர் கண்ணில் படும்படி, ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளன் ஒருவன்,
சிங்கப்பெருமாள் கோயில்